பட்ஜெட்டில் கோடிகள், கல்லூரிக் கணக்கில் எவ்வளவு?

கல்லூரி ஆசிரியர் ஒருவரின் கேள்வி சுருக்கமாக இது: "ஒவ்வொரு பட்ஜெட்டிலும் உயர்கல்விக்கு இத்தனை ஆயிரம் கோடி என்று செய்தி வருகிறது. ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்துக்கு அதில் ஒன்றும் வந்த மாதிரி தெரியவில்லை. பணம் எங்கே போகிறதுங்க? எங்களைப் போன்றவர்கள் ஆராய்ச்சிக்கு அதை எப்படிப் பெறுவது?"

செய்தியில் வரும் மொத்தத் தொகை உங்கள் கேள்விக்கு உதவாது. அது எந்த மானியக் கோரிக்கையில் (ஒரு துறை தன் செலவுக்குச் சட்டமன்றத்திடம் கேட்கும் தொகை), எந்தக் கணக்குத் தலைப்பில், எந்தச் செலவுக்கு என்று பிரித்துப் பார்த்தால்தான் பணம் போகும் தடம் தெரியும். அப்படிப் பார்த்தால் கொங்கு நாட்டைப் பொறுத்தவரை ஒன்று கண்ணில் படும். இங்கே நடக்கும் ஆராய்ச்சிக்கான அரசுப் பணத்தில் கணிசமான பகுதி 'உயர்கல்வி' என்ற தலைப்பின்கீழ் இருப்பதே இல்லை. வேளாண்மை, ஜவுளி, சுற்றுச்சூழல், அறிவியல் தொழில்நுட்பம் என்று வேறு துறைகளின் பக்கங்களில் அது கிடக்கிறது. கல்வித் துறைப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு நமக்கு ஒன்றுமில்லை என்று புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மாநிலப் பணம் எங்கே கரைகிறது

2025 மார்ச் 14 அன்று தாக்கலான தமிழ்நாடு பட்ஜெட்டில், 2025-26க்கு உயர்கல்வித் துறைக்கு 8,494 கோடி ரூபாய். பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி, அதாவது ஐந்தரை மடங்கு. அதற்கு முந்தைய ஆண்டு உயர்கல்விக்கு 8,212 கோடி. கூடியது 282 கோடி, சதவீதத்தில் 3.4. அகவிலைப்படியும் ஆண்டு ஊதிய உயர்வுமே இதை விழுங்கிவிடக்கூடிய அளவுதான்.

இந்தத் தொகை மானியக் கோரிக்கை எண் 20-ல் இருக்கிறது. விரிவான கோரிக்கைப் புத்தகத்தை இறக்கிக்கொண்டு 2202 என்ற தலைப்பைத் தேடுங்கள். அது பொதுக் கல்வி. அதன் கீழே 03 என்பது பல்கலைக்கழகமும் உயர்கல்வியும். அதற்குள் மூன்று சிறுதலைப்புகள் முக்கியம்: 102 பல்கலைக்கழகங்களுக்கு உதவி, 103 அரசுக் கல்லூரிகள், 104 அரசு உதவிபெறும் தனியார் கல்லூரிகள். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்றவை 2203 தொழில்நுட்பக் கல்வியில் வரும். கட்டடம் என்றால் 4202 என்ற மூலதனத் தலைப்பு.

103-ஐயும் 104-ஐயும் வரிவரியாகப் படித்தால் விடை பாதி கிடைத்துவிடும். அவற்றில் பெரும்பகுதி சம்பளம். உதவிபெறும் கல்லூரிக்குப் போகும் பணம் ஏறக்குறைய முழுக்க ஆசிரியர் சம்பள மானியம்தான். ஆய்வகப் பொருள், இயந்திரம், கருவி என்ற உட்செலவுத் தலைப்புகள் தனியாக உண்டு, ஆனால் அவை மிகச் சிறியவை. ஒரு மண்டலத்துக் கல்லூரிகளுக்கெல்லாம் பங்கு போட்டால் ஒரு கல்லூரிக்குக் கிடைப்பது கண்ணாடிக் குடுவையும் அமிலமும் வாங்கத்தான் ஆகும். கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்கு 11 மாதம் என்ற நிலையில் இருக்கும் ஒரு துறை, அந்த வரியிலிருந்து ஆராய்ச்சிக் கருவி வாங்கித் தரும் என்று எதிர்பார்ப்பது வீண்.

கட்டடப் பணம் வந்தாலும் உங்கள் முதல்வர் கணக்குக்கு வராது. பொதுப்பணித் துறை மதிப்பீடு போட்டு, ஒப்பந்தம் விட்டு, கட்டித் தரும். 2022-23ல் அறிவிக்கப்பட்ட பெருந்தலைவர் காமராஜர் கல்லூரி மேம்பாட்டுத் திட்டம் ஐந்தாண்டுகளில் 1,000 கோடி என்பது. வகுப்பறை, ஆய்வகக் கட்டடம் இவற்றுக்குத்தான் அதில் இடம். புதிய ஆய்வகக் கட்டடம் திறந்த நாளில் உள்ளே மேசையும் தண்ணீர்க் குழாயும் மட்டும் இருந்தால் அதற்குக் காரணம் இதுதான்: கட்டடம் ஒரு தலைப்பு, உள்ளே வைக்கும் கருவி வேறொரு தலைப்பு. இரண்டுக்கும் சேர்த்துக் கருத்துரு, அதாவது திட்ட முன்மொழிவு, அனுப்பாவிட்டால் இரண்டாவது தானாக வராது.

உயர்கல்விக்கான மாநிலச் செலவு எல்லாம் கோரிக்கை 20-ல்தான் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் சமூக நலத்துறையின் கணக்கு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோரிக்கை எண் 5, வேளாண்மை–உழவர் நலத்துறை. கணக்குத் தலைப்பு 2415, வேளாண் ஆராய்ச்சியும் கல்வியும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி கால்நடைத் துறையோடு போகும். பெருந்துறை, சேலம், கோவை அரசு மருத்துவக் கல்லூரிகள் மக்கள் நல்வாழ்வுத் துறையோடு போகும். 'உயர்கல்விக்குக் குறைத்துவிட்டார்கள்', 'கூட்டிவிட்டார்கள்' என்று சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் இவற்றில் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று சொல்வதில்லை.

ஒன்றிய அரசின் 50,000 கோடியில் நமக்கு என்ன

2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் உயர்கல்வித் துறைக்கு 50,077.95 கோடி. பார்க்கப் பெரிதுதான். அதில் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 16,691 கோடி, ஐஐடிகளுக்கு 11,349 கோடி, என்ஐடிகளுக்கு 5,687 கோடி. இந்த மூன்றும் சேர்ந்தாலே மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிடுகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர் ஆறு மாவட்டங்களிலும் ஓர் ஐஐடி இல்லை, என்ஐடி இல்லை, மத்தியப் பல்கலைக்கழகமும் இல்லை. அந்த மூன்றில் இரண்டு பங்கு நம் பக்கம் எட்டிப் பார்க்க வழியே இல்லை.

மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் என்று இருப்பது 'பிஎம் உஷா'. முன்பு 2013ல் 'ரூசா' என்ற பெயரில் தொடங்கியது, 2023ல் பெயரும் விதியும் மாறியது. 2023-24 முதல் மூன்றாண்டுக்கு மொத்தம் 12,926.10 கோடி என்று அனுமதி. 2025-26க்கு ஒதுக்கியது 1,815 கோடி, அதுவும் நாடு முழுமைக்கும். துறையின் மொத்தத்தில் 4 சதவீதம்கூட வராது. 60:40 என்ற விகிதத்தில் மாநிலமும் தன் பங்கைப் போட வேண்டும். தேசியக் கல்விக் கொள்கையைச் செயல்படுத்துவதாக மாநிலம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை வேறு. பல மாநிலங்கள் இதில் இடறின. எந்தப் பக்கம் நியாயம் என்பது தனி வாதம். கல்லூரி மட்டத்தில் விளைவு ஒன்றே: உங்கள் கருத்துரு எவ்வளவு நன்றாக இருந்தாலும், மேலே இரண்டு அரசுகள் ஒத்துக்கொள்ளும் வரை நகராது. நகர்ந்தபோது பலன் தெரிந்ததும் உண்டு. பாரதியார் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் ரூசாவின் இரண்டாம் கட்ட நிதியில் வந்ததுதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் பணம் பெற ஒரு கல்லூரிக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(எஃப்), 12(பி) தகுதிகள் வேண்டும்: முன்னது குழுவின் அங்கீகாரம், பின்னது மானியம் பெறும் தகுதி. 12(பி) கிடைக்க நிரந்தர இணைவு, சொந்தக் கட்டடம், நிரந்தர ஆசிரியர்கள் என்று பலதும் கேட்பார்கள். அண்மைக் காலத்தில் திறக்கப்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரி என்றால் முதலில் இதைப் பாருங்கள். தகுதி இல்லாமல் கருத்துரு எழுதுவது நேர விரயம்.

கொங்கு நாட்டு ஆராய்ச்சிப் பணம் உண்மையில் இருக்கும் இடங்கள்

கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912 முதல் கோவையில் இருக்கிறது. அதன் பணம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வழியாக வருகிறது. வேளாண் அமைச்சகத்தின் ஆராய்ச்சிக் கல்வித் துறைக்கு 2025-26ல் 10,466 கோடி ஒதுக்கப்பட்டது. அதற்குள்தான் இது. வேளாண் பல்கலைக்கழகத்தில் நடக்கும் அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டங்களும் அங்கிருந்துதான், 75 சதவீதம் கழகம், 25 சதவீதம் மாநிலம். பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்திலும் ஏத்தாப்பூர் மரவள்ளி–ஆமணக்கு நிலையத்திலும் நடக்கும் வேலைக்கான பணத்தைக் கல்வித் துறைப் புத்தகத்தில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது.

1956ல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், நம் ஆட்கள் 'சிட்ரா' என்பது, ஜவுளி அமைச்சகத்தோடு சேர்ந்தது. வன மரபியல் மற்றும் மர வளர்ப்பு நிறுவனமும் ஆனைகட்டி சாலிம் அலி மையமும் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ். பொள்ளாச்சி தென்னை நார் என்றால் கயிறு வாரியம். அது சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தில் இருக்கிறது. அவினாசிலிங்கம் போன்ற மகளிர் நிறுவனங்களுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறையில் 'க்யூரி' என்று தனித் திட்டமே உண்டு.

ஆகவே உங்கள் துறை வேதியியல், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சாயக்கழிவும் தோல் கழிவும் மஞ்சளும் இருக்கின்றன என்றால், கருத்துருவை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்குக் கல்வித் துறை கடைசி விடையாகத்தான் இருக்க வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதிலிருந்து, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து, மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்றும் தீராத ஆராய்ச்சிக் கேள்வி. அதை 'சாய மூலக்கூறின் ஒளிச்சிதைவு' என்று பொதுவாக எழுதினால் நூற்றுக்கணக்கான கருத்துருக்களில் ஒன்றாகப் போகும். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றிலிருந்து உப்பு மாதிரி தரச் சம்மதக் கடிதம் வாங்கி இணைத்து, அந்த உப்பின் கலவையைச் சொல்லி எழுதினால் மதிப்பீட்டாளர் நிமிர்ந்து உட்காருவார். 2020ல் 1,480 கோடி ரூபாயில் அனுமதிக்கப்பட்ட தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்திலும் ஆராய்ச்சிக்கு ஒரு பிரிவு இருந்தது. அப்படிப்பட்ட அறிவிப்புகளை ஜவுளிக் கல்லூரிகள் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும், வேதியியல் துறைகள் கண்டுகொள்ளாததும் நம் பக்கத்துக் குறை.

அடிப்படை ஆராய்ச்சிக்கு இப்போது பெரிய வாசல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை. 2023ஆம் ஆண்டுச் சட்டம், 2024 பிப்ரவரி 5 முதல் நடைமுறை. முன்பு ஆராய்ச்சி மானியம் தந்துவந்த 'செர்ப்' என்ற ஒன்றிய அரசு வாரியம் இதற்குள் கரைந்துவிட்டது. 2023–28 ஐந்தாண்டுக்கு 50,000 கோடி என்பதே அறிவிப்பு. அதில் 36,000 கோடி தொழில்துறை, கொடையாளர் போன்ற அரசு அல்லாத இடங்களிலிருந்து வர வேண்டும் என்பதைச் செய்தித் தலைப்புகள் சொல்லவில்லை. இளம் ஆசிரியர்களுக்கு இதில் பிரதமர் பெயரில் தொடக்கநிலை ஆராய்ச்சி மானியம் உண்டு: மூன்றாண்டுக்கு 60 லட்சம் வரை, நிர்வாக மேற்செலவு தனி. தனியார் சுயநிதிக் கல்லூரி ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம். கொங்கு நாட்டில் அறக்கட்டளைக் கல்லூரிகள்தான் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: மாநில மானியம் கிடைக்காத கல்லூரிக்கும் ஆராய்ச்சி மானியத்துக்குத் தடை இல்லை.

அறிவிப்புக்கும் பணத்துக்கும் இடையே

பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் மூன்று வகை எண் இருக்கும். வரவிருக்கும் ஆண்டுக்கான மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்த மதிப்பீடு, முடிந்த ஆண்டின் கணக்கு. செய்தியில் வருவது முதல் வகை. பவானிசாகரில் கீழ்பவானி வாய்க்காலுக்கு 2,300 கன அடி திறந்தார்கள் என்பதை வைத்துக் கடைமடையில் எத்தனை ஏக்கர் நனையும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பட்ஜெட் மதிப்பீடும் அப்படித்தான். மேலே சொன்ன தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கே 2023-24ல் 2,000 கோடி என்று போட்டுத் திருத்த மதிப்பீட்டில் சுமார் 258 கோடிக்கு வந்தார்கள். அமைப்பு உருவாகவே ஆண்டு முடிந்துவிட்டது, செலவழிக்க ஆள் இல்லை. அறிவிப்பைக் கொண்டாடியவர்கள் யாரும் பிறகு இந்தத் திருத்தத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவு 2020-21 கணக்குப்படி உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அந்தச் சிறிய தொகையிலும் மாநில அரசுகளின் பங்கு 6.7 சதவீதம், உயர்கல்வி நிறுவனங்களின் பங்கு 8.8 சதவீதம். அறிக்கை எழுதுகிறவர்கள் 0.64-ஐ மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். கல்லூரி ஆசிரியருக்குச் சுடுவது 8.8 தான்.

மாநிலத்தில் புதிதாக ஒன்று வேண்டுமென்றால் வழி இது. துறையின் மதிப்பீட்டில் தொடர்ந்து நடக்கும் செலவு முதல் பகுதி. புதிய கருவி, புதிய பாடப்பிரிவு, புதிய பணியிடம் எல்லாம் இரண்டாம் பகுதி. கல்லூரியிலிருந்து மண்டல இணை இயக்குநர், அங்கிருந்து கல்லூரிக் கல்வி ஆணையரகம், பிறகு உயர்கல்விச் செயலர், கடைசியாக நிதித் துறை. நிதித் துறைக்குத் துறைகளின் மதிப்பீடு போகும் காலம் அக்டோபர் வாக்கில். அதனால் உங்கள் கருத்துரு ஆகஸ்டில் இணை இயக்குநர் மேசையில் இருக்க வேண்டும். பிப்ரவரியில் பட்ஜெட் பேச்சு நெருங்கும்போது மனுக் கொடுப்பது பலரின் வழக்கம். அப்போது புத்தகம் அச்சுக்குப் போயிருக்கும். கருத்துருவோடு மூன்று விலைப்புள்ளி, கருவி வைக்கும் அறையின் அளவு, மும்முனை மின் இணைப்பு இருக்கிறதா, அதை இயக்க யார் என்பதெல்லாம் எழுதியிருந்தால் கேள்விக் குறிப்போடு திரும்பி வருவது குறையும். ஒரு கேள்விக் குறிப்பு என்றால் ஏறக்குறைய ஓர் ஆண்டு போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒதுக்கீடு கிடைத்தபின்னும் அரசாணை வர வேண்டும், பிறகு கருவூலத்தில் பட்டியல் போட வேண்டும். மார்ச் 31-க்குள் செலவாகாத பணம் சரண் செய்யப்படும், அதாவது அரசுக்கே திரும்பிவிடும். ஒன்றிய அரசுத் துறைகளுக்குக் கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கு மேலும் மார்ச்சில் மட்டும் 15 சதவீதத்துக்கு மேலும் செலவழிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருப்பதால், டிசம்பருக்குள் உங்கள் தவணைக்கான ஆவணம் போகாவிட்டால் அடுத்த நிதியாண்டுதான்.

பல்கலைக்கழகங்களின் நிலை வேறு மாதிரி. பாரதியாரும் சேலம் பெரியாரும் அரசு மொத்தமாகத் தரும் தொகுப்பு மானியத்தை மட்டும் நம்பி நடப்பவை அல்ல. இணைவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தொலைநிலைக் கல்வி வருவாய் இவைதான் தூண்கள். கோவைப் பக்கம் கல்லூரி கல்லூரியாகத் தன்னாட்சி பெற்றபோது தேர்வுக் கட்டணத்தின் பெரும்பகுதி கல்லூரிகளோடு நின்றுவிட்டது. தொலைநிலைக் கல்விக்கு எல்லைக் கட்டுப்பாடு வந்தது. ஓய்வூதியச் சுமையோ ஏறிக்கொண்டே போகிறது. இதோடு உள்ளாட்சி நிதித் தணிக்கையின் தடைகள் தீராமல் கிடந்தால் மானியம் விடுவிப்பதில் கைவைப்பார்கள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சொந்த நிதி ஏன் இல்லை என்று கேட்கிறவர்கள் தணிக்கைத் தடைப் பட்டியலின் நீளத்தையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

கருத்துருவின் பணப் பகுதி: எங்கே சறுக்குகிறது

அறிவியல் பகுதியை எல்லோரும் கவனமாக எழுதுகிறார்கள். பணப் பகுதியைக் கடைசி நாள் இரவில் நிரப்புகிறார்கள். சறுக்குவது அங்கேதான்.

ஆளுக்கான செலவை எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரி 1 முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000, முதுநிலைக்கு 42,000. இது நெட், கேட் போன்ற தகுதி உள்ளவருக்கு. இதன்மேல் வீட்டு வாடகைப்படி. ஒன்றிய அரசு இதற்காக ஊர்களை வகை பிரித்திருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நகரங்கள் 'ஒய்' வகை, 20 சதவீதம். கோபி, பெருந்துறை, நாமக்கல் போன்றவை 'இசட்', 10 சதவீதம். கோவையில் இரண்டாண்டு இளநிலை, ஓராண்டு முதுநிலை என்றால், மாதம் 44,400 வீதம் 24 மாதம் 10,65,600, மாதம் 50,400 வீதம் 12 மாதம் 6,04,800, மொத்தம் 16,70,400. அதே திட்டம் கோபியில் என்றால் 15,31,200. வித்தியாசம் 1,39,200. நகரத்துக் கல்லூரியின் பழைய கருத்துருவைப் பார்த்து நகலெடுக்கும்போது இது தவறிவிடும். கூடுதலாகப் போட்டால் வெட்டுவார்கள், அது பரவாயில்லை. குறைவாகப் போட்டால் மூன்றாம் ஆண்டு கடைசியில் ஆய்வாளருக்குக் கொடுக்கப் பணம் இராது.

அடுத்தது கருவி. ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கருவி மீதான ஜிஎஸ்டி 5 சதவீதம் என்ற சலுகை 2022 ஜூலை 18-ஓடு போய்விட்டது. இப்போது பெரும்பாலான ஆய்வகக் கருவிகளுக்கு 18. விலைப்புள்ளியில் 20 லட்சம் என்றிருந்தால் கையிலிருந்து போவது 23,60,000. பழைய கணக்கில் 21 லட்சம் என்று எழுதினால் 2,60,000 துண்டு விழும், அதை நிரப்ப வேதிப்பொருள் தலைப்பிலிருந்து எடுக்க முடியாது. மூலதனத் தலைப்பையும் நடைமுறைச் செலவுத் தலைப்பையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற நிதி தரும் அமைப்பின் முன் அனுமதி வேண்டும். வெளிநாட்டுக் கருவி என்றால் டாலர் விலையை அன்றைய மதிப்பில் போடாமல் கொஞ்சம் ஏற்றிப் போடுங்கள்; அனுமதி வரும்போது ஓர் ஆண்டு கடந்திருக்கும். ஆராய்ச்சி மானியத்தின் மீதே ஜிஎஸ்டி கேட்கும் பிரச்சினை ஒன்று இருந்தது. 2024 செப்டம்பரில் நடந்த 54ஆவது ஜிஎஸ்டி மன்றக் கூட்டத்தில் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களுக்கும் வருமான வரி விலக்குப் பெற்ற ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் விலக்கு என்று முடிவானது. உங்கள் கல்லூரி இந்த இரண்டில் ஒன்றில் வருகிறதா என்று கணக்காயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தானாக எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தாது.

வாங்கும் விதியும் மாறியிருக்கிறது. 2025 ஜூனில் அறிவியல் ஆராய்ச்சிக்கான கொள்முதலில், விலைப்புள்ளி இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. கொள்முதல் குழு வழியாக வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமானது. இது ஒன்றிய அரசு குறிப்பிட்ட அறிவியல் துறைகளுக்கும் நிறுவனங்களுக்கும். மாநில அரசு நிறுவனம் என்றால் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். இரண்டில் எது பொருந்தும் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கை வரும்போது எழுத்து மட்டுமே பேசும்.

வயல் சார்ந்த ஆய்வுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஈரோட்டு மஞ்சள் மே, ஜூனில் நடவு, ஜனவரிக்கு மேல் வெட்டு. உங்களுக்கு அனுமதி ஆணை செப்டம்பரில் வந்தால் திட்டக் காலம் அன்றே ஓட ஆரம்பித்துவிடும், ஆனால் முதல் நடவு அடுத்த மே மாதம். மூன்றாண்டுத் திட்டத்தில் மூன்று போகம் என்று எழுதியவர் இரண்டு போகத்தோடு அறிக்கை கொடுக்க நேரும். இரண்டு போகத்துக்கு எழுதுங்கள், முதல் ஆறு மாதத்தை மண், நீர் மாதிரி ஆய்வுக்கும் கருவி நிறுவுவதற்கும் வையுங்கள். கரும்பு இன்னும் மோசம். கோ 86032 ரகத்துக்கு எண் இடப்பட்டது 1986ல், வெளியிடப்பட்டது 2000ல். 14 ஆண்டு வேலையை ஆண்டுதோறும் மார்ச் 31-ல் பூஜ்யமாகும் கணக்கில் நடத்த நிரந்தர நிறுவனத்தால்தான் முடியும். தனி ஆசிரியரின் மூன்றாண்டு மானியத்தில் ரகம் உருவாக்குவேன் என்று எழுதினால் மதிப்பீட்டாளர் சிரிப்பார். ரகங்களை ஒப்பிடுவேன், சர்க்கரைச் சத்தை அளப்பேன் என்றால் நம்புவார்.

பணம் வந்த பிறகு

மானியம் ஒன்றிய அரசிலிருந்து வந்தால், அரசுப் பணத்தின் போக்குவரத்தைக் கண்காணிக்கும் 'பிஎஃப்எம்எஸ்' இணையத் தளத்தில் பதிவு கட்டாயம். பெரும்பாலான திட்டங்களுக்கு இப்போது பூஜ்ய இருப்புக் கணக்கு: பணம் மைய முகமையின் கணக்கிலேயே இருக்கும், உங்களுக்குக் கிடைப்பது செலவழிக்கும் வரம்பு மட்டும். மார்ச் 31 இரவு வரம்பு தீர்ந்துவிடும். புது வரம்பு ஏப்ரலிலேயே வரும் என்று சொல்ல முடியாது, ஜூன் ஆனாலும் வியப்பில்லை. அந்த இரண்டு மூன்று மாதம் ஆய்வாளர் உதவித்தொகைக்கு என்ன செய்வது? கல்வி நிறுவனங்களுக்குப் பொதுவாகத் திட்டச் செலவில் 10 சதவீதம் வரை மேற்செலவு தருகிறார்கள். அந்தத் தொகையைப் பொதுக் கணக்கில் கரைக்காமல் தனியாக வைத்து, அதிலிருந்து முன்பணமாக உதவித்தொகை கொடுத்து, வரம்பு வந்ததும் ஈடு செய்துகொள்ளும் முறையை ஆட்சிக்குழுத் தீர்மானமாகவே போட்டு வைப்பது நல்லது.

அரசுக் கல்லூரியில் இன்னொரு பொறி உண்டு. வெளி மானியத்தைக் கருவூலத் தலைப்பில் செலுத்திவிட்டால் அது அரசு வருவாயாகிவிடும். திரும்ப எடுக்க அரசாணை வேண்டும். முதல்வர் பெயரில் திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க இணை இயக்குநரின் அனுமதியை விண்ணப்பிக்கும்போதே வாங்கிவிடுங்கள். அனுமதி ஆணை வந்தபிறகு ஓடுவதில்தான் முதல் நான்கு மாதம் போகிறது.

அடுத்த தவணைக்குத் தேவை பயன்பாட்டுச் சான்றிதழ், ஒன்றிய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவம். நிதியாண்டு வாரியாக, ஏப்ரல் முதல் மார்ச் வரை. திட்ட ஆண்டு செப்டம்பரில் தொடங்கியிருந்தாலும் சான்றிதழ் நிதியாண்டுக்குத்தான். இதைக் குழப்பி அனுப்பிய சான்றிதழ் திரும்பி வருவது மிகச் சாதாரணம். வட்டி வந்திருந்தால் அதைக் காட்டி அரசுக்குத் திருப்ப வேண்டும். காட்டாமல் விட்ட சில நூறு ரூபாய் வட்டிக்காக லட்சக்கணக்கான தவணை நிற்கும். கருவிக்கு ஒப்பந்தம் போட்டு, பொருள் இன்னும் வராத தொகையைச் செலவாக எழுதக் கூடாது. உறுதியளிக்கப்பட்ட செலவு என்று தனி வரியில் காட்ட வேண்டும். ஆய்வாளர் இடையில் விலகினால் புதியவரைச் சேர்த்த தேதி, விலகிய தேதி, வருகைப் பதிவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

சரிபார்க்க வேண்டுமானால்

உங்கள் கல்லூரிக்கு வந்திருக்க வேண்டிய பணம் எங்கே நின்றது என்று தெரிய, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 'எங்கள் கல்லூரிக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்' என்று கேட்டால் பொத்தாம்பொதுவாகப் பதில் வரும். 2202-03-103 தலைப்பில் கருவி, பொருள் உட்பிரிவுகளில் இந்த மண்டலத்துக்கு விடுவித்த தொகை, கல்லூரி வாரியான பங்கீட்டு ஆணையின் நகல், அரசாணை எண்ணும் தேதியும், சரண் செய்த தொகை என்று தனித்தனியாகக் கேளுங்கள். அதற்கு முன் உயர்கல்வித் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்துவிட்டால் பாதிக் கேள்வி மிச்சம். கணக்குத் தணிக்கையாளரின் நிதி ஒதுக்கீட்டுக் கணக்கில், எந்தத் தலைப்பில் எவ்வளவு மீந்தது, ஏன் என்பது அச்சிலேயே இருக்கும். ஆனால் அது ஆண்டு முடிந்து வெகு நாள் கழித்துத்தான் வரும். சரண் செய்யப்போகும் தொகையைப் பற்றி விசாரிப்பதானால் ஜனவரியிலேயே விசாரியுங்கள். அப்போது கையில் தயாரான விலைப்புள்ளியும் கருத்துருவும் இருந்தால், வேறொரு கல்லூரி செலவழிக்க முடியாமல் விட்டதை உங்கள் பக்கம் மறுஒதுக்கீடு செய்ய இணை இயக்குநருக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்.